மூன்று சீட்டு, ஒரு நெஞ்சு

ஆஸ்துமா மருந்துகளில் இரண்டு வகை உண்டு. இறுகிப்போன மூச்சுக்குழாயை அந்த நேரத்துக்குத் தளர்த்திவிடுவது ஒரு வகை. குழாயின் உட்சுவரில் ஓயாமல் இருக்கும் அழற்சியைத் தணித்து, இறுக்கம் வராமலே பார்த்துக்கொள்வது இன்னொரு வகை. 1969இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த சால்பூட்டமால் முதல் வகையைச் சேர்ந்தது. உறிஞ்சிய சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். பெக்லோமெத்தசோன், புடெசோனைடு போன்ற உறிஞ்சு ஸ்டீராய்டுகள் இரண்டாம் வகை. உறிஞ்சிய உடனே எதுவும் நடந்ததாகத் தெரியாது. பலன் நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் வரும். நோயாளிக்கு முதல் வகை மேல் நம்பிக்கையும் இரண்டாம் வகை மேல் சந்தேகமும் வர இந்த ஒரு வித்தியாசமே போதும். இவை தவிர, மலிவாகக் கிடைத்து இந்தியாவில் நெடுங்காலம் கோலோச்சிய இன்னொரு மருந்து தியோஃபிலின். டெரிஃபிலின் என்ற பெயரில் மாத்திரையாகவும் ஊசியாகவும் அதை அறியாத மருந்துக்கடை இல்லை.

1980, 90களில் பெங்களூருவின் கன்டோன்மென்ட் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் இந்த மாத்திரை வீட்டுச் சாமான்களில் ஒன்று. அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், சிவாஜிநகர் என்று எங்கே போனாலும் தெருவுக்கு நாலு பேராவது இளைப்புக்காரர்கள் இருந்தார்கள். வேலூர்ப் பக்கமும் திருவண்ணாமலைப் பக்கமும் நன்றாக இருந்தவர்கள் இங்கே வந்து இரண்டு மூன்று மழைக்காலம் கழிந்ததும் இழுக்கத் தொடங்குவார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. கடல்மட்டத்துக்கு மேலே 900 மீட்டர் உயரம், மார்கழிக் குளிர், ஆறேழு மாதம் நீளும் தூறல் எல்லாவற்றின் மேலும் பழி விழுந்தது. "ஊர் ஒத்துக்கல, கொஞ்ச நாள் சொந்த ஊர்ல இருந்துட்டு வாங்க" என்று சீட்டில் எழுதாத மருந்தாகச் சொல்லி அனுப்பிய டாக்டர்களும் உண்டு.

ஊர்ப்பேச்சில் பாதி உண்மை இருந்தது. அல்சூர் ஏரிக்கரை லேக்சைடு மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் எச். பரமேஷ் 1979 முதல் 1999 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெங்களூருக் குழந்தைகளிடையே ஆஸ்துமாவைக் கணக்கெடுத்தார். 1979இல் 9 சதவீதம், 1989இல் 18.5, 1999இல் 29.5. இருபது ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஊரின் உயரமும் குளிரும் இருபது ஆண்டில் மாறிவிடவில்லை. மாறியவை வண்டிகளும் புகையும் கட்டடத் தூசியும்தான். பள்ளிகளைப் பிரித்துப் பார்த்ததில் வண்டி நெரிசல் குறைந்த பகுதிக் குழந்தைகளில் 11 சதவீதம், நெரிசல் மிகுந்த பகுதியில் 19, நெரிசலோடு ஏழ்மையும் சேர்ந்த இடங்களில் 31 என்று வந்தது. குளிரைக் குறைசொல்வது எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கிறது.

செடிகளுக்கும் பங்கு உண்டு. பூத்துக் குலுங்கும் மரத்தைப் பார்த்துத்தான் மக்கள் பயப்படுவார்கள். ஆனால் கண்ணைக் கவரும் பூக்களின் மகரந்தம் பெரும்பாலும் பூச்சிகளோடு போய்விடும். காற்றில் ஏறி மூக்குக்கு வருபவை சவுக்கும் புல்லும், காலிமனைகளை மூடிக் கிடந்த காங்கிரஸ் செடியும்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தப் பார்த்தீனியம் 1980களில் பெங்களூருவின் காலி இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் மகரந்தம் மூக்கு ஒவ்வாமையை எந்த அளவு தூண்டுகிறது என்று இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ந்தார்கள். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைத் தருவித்து 1984இல் பறக்கவிட்டது. வண்டு தன் வேலையைச் செய்தது. செடி இன்னும் இருக்கிறது.

இதை எழுதுபவரின் பெரியப்பா, தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை ஊழியர், இந்த இளைப்புக்காரர் கூட்டத்தில் ஒருவர். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அவருடைய மருந்துகளின் வரிசையைச் சொன்னாலே ஆஸ்துமா வைத்தியத்தின் பாதி வரலாறு வந்துவிடும். சொந்த ஊரில் அவருக்கு முதலில் கிடைத்தது காய்ந்த ஊமத்தை இலையின் புகை. இது வெறும் நாட்டு நம்பிக்கை அல்ல. சென்னைப் பட்டணத்தில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஆண்டர்சன் இளைப்புக்கு இதைப் பரிந்துரைக்க, ஜெனரல் ஜென்ட் 1802இல் அந்தச் சரக்கை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது ஐரோப்பாவுக்குப் பரவி, ஆஸ்துமாச் சிகரெட் என்று பெட்டியில் அடைத்து விற்கும் அளவுக்கு வளர்ந்தது. ஊமத்தையில் இருக்கும் அட்ரோப்பின் குடும்பத்து ரசாயனத்தைத் திருத்தி எடுத்தவைதான் இன்றைய இப்ராட்ரோப்பியமும் டையோட்ரோப்பியமும். ஆடாதோடைக்கும் இப்படி ஒரு வாரிசு உண்டு: அதன் வாசிசினிலிருந்து பிறந்தது சளியை இளக்கும் புரோம்ஹெக்சின். இலையை அப்படியே புகைப்பது வேறு விஷயம். எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாது. கூடினால் புத்தி பேதலிக்கும்.

அடுத்து வந்தது டெட்ரால் மாத்திரை. தியோஃபிலின், எபெட்ரின், படபடப்பை அடக்கக் கொஞ்சம் ஃபினோபார்பிட்டால் என்று மூன்றும் ஒன்றாகக் கலந்தது. அதன் பிறகு டெரிஃபிலின். இழுப்பு முற்றிய இரவுகளில் தெருமுனை கிளினிக்கில் டெரிஃபிலினும் டெக்சாமெத்தசோனும் சேர்த்துப் போட்ட ஊசி. பெங்களூருவின் சின்ன கிளினிக்குகளில் அதற்குச் செல்லப்பெயர் டெரி-டெக்சா. விடிவதற்குள் மூச்சு சீராகிவிடும் என்பதால் அதைப் போடும் டாக்டர்தான் கைராசிக்காரர். அந்த ஊசியின் பலத்தில் பாதிக்குமேல் ஸ்டீராய்டு என்பது நோயாளிக்குத் தெரியாது. இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டைக் கண்டு அஞ்சிய அதே ஆட்கள், அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டை ஊசியாகவும் பெட்னசால் மாத்திரையாகவும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தி வந்தால் ஹைதராபாத் பத்தினி குடும்பத்தார் கொடுக்கும் மீன் மருந்துக்குப் பெங்களூருவிலிருந்து ரயிலேறுவார்கள். மஞ்சள் நிற மருந்து உருண்டையை வாயில் வைத்த உயிருள்ள சிறிய விரால் மீனை அப்படியே விழுங்க வேண்டும். பெரியப்பாவும் போய் வந்தார். பலன் உண்டா என்று கேட்டால் "மழைக்காலம் முடிஞ்சப்புறம் சொல்றேன்" என்பார். மழைக்காலம் முடிந்தால் அவருக்கு எப்போதுமே இழுப்பு தணியும்.

இன்ஹேலர் அவர் கைக்கு வந்தது கடைசியாக. "பம்ப் ஆரம்பிச்சா விட முடியாது" என்ற பயம். பெண் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அது கண்ணில் பட்டால் ஆகாது என்ற பயம் வேறு. அளவைப் பார்த்தால் இந்தப் பயம் தலைகீழானது. சால்பூட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம், இன்ஹேலரின் ஒரு பஃபில் 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரை நாற்பது பஃபுக்குச் சமம். அவ்வளவும் வயிறு, ரத்தம் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். இன்ஹேலரிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. அழுத்துவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நடக்காவிட்டால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். அதற்குத்தான் நடுவில் ஸ்பேசர் என்ற குடுவை. காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டுச் செருகினாலும் வேலை நடக்கும் என்று தென்னாப்பிரிக்காவில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ரோட்டாஹேலர் என்ற கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப் பொடிக்குளிகையைத் தண்ணீர் விட்டு விழுங்கியவர்களும் உண்டு. அது அவர்கள் தவறல்ல. மாத்திரைபோல் இருந்தது, விழுங்கினார்கள், காட்டிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

சால்பூட்டமாலை மட்டும் நம்பி, அடியில் இருக்கும் அழற்சியை விட்டுவிடுவது ஆபத்து என்பது இன்று உலக வழிகாட்டுதல்களில் எழுதப்பட்ட விதி. 2019இலிருந்து சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜீனா, பெரியவர்களுக்குச் சால்பூட்டமாலைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. புடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது எடுப்பதையே முன்னிறுத்துகிறது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் எட்டில் ஒருவர் அளவுக்குத்தான் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமாச் சாவுகளில் பத்தில் நான்கு இங்கே நடப்பதாக மதிப்பிடுகிறார்கள். நோய் கொடியதாக இருப்பதைவிட, உறிஞ்சு ஸ்டீராய்டு போய்ச்சேராததே இதற்குக் காரணம் என்று கருத இடமிருக்கிறது.

இனி புகை. ஃப்ரேசர் டவுன் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் புகையிலை வாசனை ஊர் வாசனைகளில் ஒன்று; இம்பீரியல் டொபாக்கோவாகத் தொடங்கி ஐ.டி.சி. ஆன நிறுவனத்தின் சிகரெட் ஆலை பல பத்தாண்டுகள் அங்கே ஓடியது. அதில் வேலை கிடைப்பது பெருமை. சுற்றுவட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே சோறு. பெரியப்பா அங்கே வேலை செய்யவில்லை. அங்கே செய்ததை வாங்கினார். ஷிப்டு முடிந்ததும் தர்ஷினி ஓட்டலில் பை-டூ காபி, கூடவே ஒரு சிசர்ஸ் சிகரெட். இழுப்புக்காரர் எப்படிப் புகைக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு, புகைத்தால் சளி வெளியே வந்து நெஞ்சு லேசாகிறது என்பது அவர் பதில். புகை முதலில் செய்வது குழாயின் உட்சுவரில் சளியை மேலே தள்ளும் மெல்லிய முடிகளை முடக்குவது. இரவெல்லாம் புகையில்லாமல் இருந்து அவை விழித்துக்கொள்ளும் காலையில் இருமல் வருகிறது. அதை முதல் சிகரெட்டின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார் புகைப்பவர்.

புகைப்பவரின் ஆஸ்துமாவில் உறிஞ்சு ஸ்டீராய்டு சரியாக வேலை செய்வதில்லை. புகைக்காதவருக்குப் பலன் தரும் அளவு, புகைப்பவருக்குப் பாதிகூடத் தராமல் போகலாம். தியோஃபிலினோடு புகைக்கு இருக்கும் உறவு இன்னும் விசித்திரமானது. ஈரலில் தியோஃபிலினைச் சிதைத்து வெளியேற்றும் நொதியைப் புகையின் தார் கிளறிவிடுகிறது. நிக்கோட்டின் அல்ல, எரிந்த தார். அதனால் புகைக்காத ஒருவரின் ரத்தத்தில் எட்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் தியோஃபிலின், புகைப்பவரிடம் நாலைந்து மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். டாக்டர் கொடுத்த அளவு போதவில்லை என்று ஒரு மாத்திரை கூட்டுவார். மறுபடி போதாது, மறுபடி கூட்டுவார். பெரியப்பாவின் அளவு இப்படித்தான் ஏறியிருந்தது. அந்த மாத்திரைக் கணக்குக்குள் சிகரெட்டும் ஒரு மருந்துபோல் உட்கார்ந்திருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

1990களின் நடுவில் அவர் புகையை விட்டார். காரணம் டாக்டர் அல்ல, பேத்தி. நிக்கோட்டின் கம் என்று ஒன்று இருப்பது அன்று அல்சூரில் யாருக்கும் தெரியாது. கிராம்பு, ஏலக்காய், பெரியம்மாவின் ஏச்சு ஆகியவையே அவருக்குக் கிடைத்த சிகிச்சை. விட்ட முதல் வாரத்தில் இருமல் கூடியது. முடங்கிக் கிடந்த முடிகள் மறுபடி இயங்கி, தேங்கியதைத் தள்ளத் தொடங்கும்போது இப்படி ஆகும். சில வாரங்களில் அடங்கிவிடும். விட்டவர்களில் பலர் மறுபடி புகைப்பது இந்த இடத்தில்தான்: புகைத்தபோது இல்லாத இருமல் இப்போது ஏன் என்று. பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார். ஆனால் கை நடுங்கியது, தூக்கம் போனது, வயிறு புரட்டியது. சிகரெட்டுக்கு ஏங்குகிறார் என்று வீட்டில் சொன்னார்கள். அந்தப் பழியில் கொஞ்சம்தான் ஏக்கத்தைச் சேரும். புகையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் தியோஃபிலின் வெளியேறும் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நேற்றுவரை போதாமலிருந்த அளவு இன்று கூடுதலாகிவிடும். காபியும் அதே நொதியை நம்பியிருக்கிறது. சிகரெட்டை விட்டவர் பழைய கணக்கில் காபியும் குடித்தால் படபடப்பு இரட்டிப்பாகும்.

அந்த மார்கழியில் அவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. சளிக்காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸ்களின் வேலை. ஆஸ்துமாக்காரரிடம் சாதாரண ஜலதோஷ வைரஸான ரைனோவைரஸே பெரிய இழுப்பைக் கிளப்பிவிடும். ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலை இல்லை. தேவைப்படுவது இன்ஹேலரை முறையாக எடுப்பதும், இழுப்பு முற்றினால் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையும்தான். ஆனால் சளி மஞ்சளானால் ஆன்டிபயாட்டிக் என்பது நோயாளி, டாக்டர், மருந்துக்கடைக்காரர் மூவரும் சேர்ந்து எழுதிய சட்டம். பெரியப்பாவுக்கு ஒரு கிளினிக்கில் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். அன்று அது புது மருந்து, பலமான மருந்து என்று பேர். தியோஃபிலினைச் சிதைக்கும் அதே நொதியை அது தடுக்கும் என்பதைச் சீட்டு எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். நோயாளி டெரிஃபிலின் போடுகிறாரா என்று கேட்டதாகவும் தெரியவில்லை. எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும்கூட ரத்தத்தில் தியோஃபிலினை ஏற்றிவிடும். அசித்ரோமைசின் பெரும்பாலும் செய்யாது. போதாக்குறைக்கு, காய்ச்சலே ஈரலின் வேகத்தைக் குறைக்கும். ஆக, அளவு கூட்டிய தியோஃபிலின், நின்றுபோன சிகரெட், காய்ச்சல், சிப்ரோஃப்ளாக்சசின் என நான்கும் ஒரே வாரத்தில் ஒரே ரத்தத்தில் சந்தித்தன.

மூன்றாம் நாள் ஓயாத வாந்தி. நாடி தறிகெட்டு ஓடியது. தியோஃபிலினுக்குப் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது பாடப்புத்தகம் சொல்லும் பழைய எல்லை. 20ஐத் தாண்டினால் வாந்தி, படபடப்பு. இன்னும் ஏறினால் வலிப்பு. ஆசுபத்திரியில் பணியிலிருந்த இளம் டாக்டரம்மா மாத்திரை அட்டைகளை மேசைமேல் பரப்பிப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சிகரெட் எப்ப விட்டீங்க?" என்றார். வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள். அவர் டெரிஃபிலினை நிறுத்தி, சிப்ரோஃப்ளாக்சசினை நிறுத்தி, இதயத் துடிப்பைக் கவனிக்கச் சொன்னார். இரண்டு நாளில் பெரியப்பா எழுந்து உட்கார்ந்து, தன்னைக் கெடுத்தது சிகரெட்டை விட்டதுதான் என்று அறிவித்தார்.

புகையை விடுவதற்கு இன்று இருக்கும் உதவி அன்று இல்லை. 2002இல் மத்திய சுகாதார அமைச்சகமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து நாட்டில் 13 புகையிலை நிறுத்த மையங்களைத் தொடங்கியபோது அவற்றில் ஒன்று பெங்களூருவின் நிமான்ஸ் மனநல நிறுவனத்துக்கு வந்தது. 2018இல் தேசியப் புகையிலை விடுப்புத் தொலைபேசிச் சேவையின் தென்னிந்தியக் கிளை நிமான்சில் அமைந்தது; 1800-11-2356 என்ற எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகிறது, தமிழிலும் பேசலாம். 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் சீட்டில்லாமல் கிடைக்கிறது. அதைப் பபிள்கம்போல் ஓயாமல் மென்றால் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெல்லுவது, கன்னத்தில் ஒதுக்குவது, காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுவது என்பது முறை. வெற்றிலையை ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு இது பழகிய கலை. வாரனிக்ளின், பியூப்ரோப்பியான் மாத்திரைகளும் உண்டு. பியூப்ரோப்பியான் வலிப்புக்கான வாசலைத் தாழ்த்தும். தியோஃபிலினோ ஸ்டீராய்டு மாத்திரையோ எடுப்பவருக்கு அதைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும். கம்மில் தார் இல்லை. ஆகவே கம் மென்றாலும் தியோஃபிலின் அளவைக் குறைத்தே ஆக வேண்டும். கர்நாடகத்தில் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 2009–10இல் 28.2 சதவீதம், 2016–17இல் 22.8. பொது இடப் புகைத் தடையும் குட்கா தடையும் தங்கள் வேலையைச் செய்திருக்கலாம்.

இருமல் எல்லாம் ஆஸ்துமாவோ சளிக்காய்ச்சலோ அல்ல என்பதைப் பெங்களூரு வெகுகாலம் முன்பே ஆராய்ந்தது. பெல்லாரி சாலை அவலான் மாளிகையில் 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனத்தின் பானர்ஜியும் ஆண்டர்செனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் காசநோயாளிகளைத் தேடிப்போய்ப் பேசினார்கள். 1963இல் வெளியான அந்த ஆய்வு, நோயாளிகள் அறியாமையால் வீட்டில் முடங்கிக் கிடப்பதாக இருந்த எண்ணத்தை உடைத்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போய் வந்திருந்தார்கள். போனவர்களில் பலருக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. சளிப் பரிசோதனையைச் சாதாரண ஆசுபத்திரிகளுக்கே கொண்டுபோன தேசியத் திட்டம் அந்த அறிவின் மேல் எழுந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிப்பது என்ற விதி ஆஸ்துமாக்காரருக்கும் பொருந்தும். அவருக்கு அது எளிதில் மறந்துபோகிறது, ஏனென்றால் அவர் எப்போதும் இருமுகிறார். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்துகளை இருமலுக்கு எடுத்த எடுப்பில் கொடுப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. இந்தக் குடும்பம் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். நோயாளி சில வாரம் தேறியதுபோல் தோன்றுவார்; சளியில் கிருமி தெரியாது; நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். பெரியப்பாவை டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பும்போது எக்ஸ்-ரேயும் சளிப் பரிசோதனையும் எடுத்துவிட்டே அனுப்பினார். காசநோய் இல்லை. புதிய சீட்டில் டெரிஃபிலின் பழைய அளவில் பாதி. காலையும் இரவும் பெக்லோமெத்தசோன் இரண்டு பஃப், பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். இழுத்தால் மட்டும் சால்பூட்டமால்.  ஓராண்டுக்குள் டெரிஃபிலின் முழுவதுமாக நின்றது. சிகரெட்டை அவர் மறுபடி தொடவில்லை. ஹைதராபாத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு மூன்று ஜூன் மாதம் போய்வந்தார்.